தீராத ஐயம்: நோயச்சம் சார்ந்த எண்ணச் சுழற்சி நோயோடு வாழ்தல் – ஒரு நோக்கு

தொலைவிலே, மங்கிய ஒளியிலே, ஓர் உருத் தோன்றுகின்றது. அது நட்டு நிற்கும் குற்றியோ, நின்றுகொண்டிருக்கும் மனிதனோ என்ற ஐயம் காண்பவனுக்கு எழுகின்றது. இலக்கண உரையாசிரியர்களும் அளவையியலாரும் ஐயத்தின் இயல்பை விளக்குதற்கு எடுத்தாண்ட பழைய உதாரணம் இது. சைவசித்தாந்த அளவை நூல்கள் ஐயக்காட்சியைத் திரிபுக்காட்சியினின்றும் வேறுபிரித்துக் கூறும். அகப்பொருள் இலக்கணமோ, தலைவியை முதன்முதற் கண்ட தலைவனுக்கு இவள் தெய்வமகளோ மானிட மகளோ என்னும் ஐயத்தை முன்னும் தெளிவைப் பின்னும் வைத்துப் பேசும். இவ்விடங்கள் யாவற்றிலும் உள்ளுறைந்து கிடக்கும் கருத்து ஒன்றே. ஐயம் என்பது சிறிது பொழுது நிற்பது; அணுகிச் சென்று உற்று நோக்கினால் நீங்குவது.

அணுகிச் செல்லச் செல்ல நீங்காது வளர்வதாகிய ஐயம் ஒன்றும் மனித வாழ்வில் உண்டு. குற்றியைத் தொட்டுப் பார்த்த பின்னரும், தொட்ட கை சரியாக உணர்ந்ததா என்று வினவும் ஐயம் அது. உளமருத்துவர் அதனை ஓ.சி.டி. என்பர். தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்ற பெயர் இன்று பரவலாக வழங்குகின்றது. பெயர் முற்றிலும் பொருத்தமானதன்று. எண்ணத்தை மட்டுமே சுட்டிச் செயலை விட்டுவிடுகின்றது. எனினும், சுழற்சி என்ற சொல் அதன் உயிர்நிலையைத் தொடுகின்றமையால் அப்பெயரையே இங்கும் கையாளுகின்றோம். இந்நோய் பல வடிவங்களில் வெளிப்படுமாயினும், உடல்நலத்தைப் பற்றிக்கொண்டு எழும் வடிவமே இக்கட்டுரையின் பொருள். வாழ்நாளில் ஏதேனும் ஒரு காலத்தில் இந்நோய்க்கு ஆளாவோர் நூற்றுக்கு இருவர் அளவினர் எனக் கணிக்கப்படுகின்றமையால், இதனை அரிய நோயென்று ஒதுக்குதல் இயலாது. இவ்வாசகருள்ளும் சிலர் இருத்தல் கூடும்.

நோயின் கூறுகள் இரண்டு. ஒருவன் விரும்பாதிருக்கவும் உள்ளத்துள் வலிந்து புகுந்து மீண்டும் மீண்டும் வந்து வருத்தும் எண்ணம் ஒன்று. அவ்வெண்ணம் தரும் அச்சத்தைத் தணித்தற்பொருட்டுச் செய்தே தீரவேண்டும் என உந்தப்படும் செயல் மற்றையது. கழுவுதல், சரிபார்த்தல், எண்ணுதல், பிறரிடம் கேட்டு உறுதிபெறுதல் முதலியன இரண்டாவதன்பாற்படும். இச்செயல் புறத்தே நிகழ வேண்டுவதில்லை; மனத்துள்ளேயே நடந்ததை முதலிலிருந்து மீட்டிப் பார்த்தலும் அதுவே. தன் எண்ணம் மிகையானது என்பதனை நோயாளி பெரும்பாலும் அறிவான். அறிந்தும் விடமாட்டாமையே அவன் துன்பம்.

பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல் 1838ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே, பிறர் பொருள் ஏதேனும் தன் கையிலோ உடையிலோ ஒட்டிக்கொண்டு வந்துவிடுமோ என அஞ்சி, ஓயாது கைகளைத் தேய்த்தும் உடையை உதறியும் வந்த ஒரு பெண்ணின் வரலாற்றை விரித்துரைத்தார். அதே நாட்டினரான லெகிரான் டு சோல் 1875இல் எழுதிய நூலுக்கு இட்ட தலைப்பு, தமிழிற் கூறுவதாயின், ஐயப் பித்து என்பதாகும். பிற்காலத்து வைப்புமுறைகள் கொடுத்த நீண்ட பெயர்கள் எவற்றிலும் பார்க்க இப்பழைய பெயரே நோயின் உண்மைக்கு அணித்தாக நிற்கின்றது என்பது எனது துணிபு.

நோய் பற்றிய அச்சம் எல்லார்க்கும் உரியது. அது தனி நோயாக வளர்ந்த நிலையை நெடுங்காலமாக மருத்துவர் வேறோர் அறையில் வைத்திருந்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்களின் பாகுபாட்டினது பதினோராம் திருத்தம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபொழுது, நோயுளதாக எண்ணி ஓயாது அஞ்சும் நிலை எண்ணச் சுழற்சி நோயின் குடும்பத்துள்ளே சேர்க்கப்பட்டது. ஏட்டளவிலான மாற்றமாக இது தோன்றலாம். ஆயினும் இரண்டும் ஒரே பொறிமுறையால் இயங்குவன என்ற அனுபவத்துக்கு அது கொடுத்த ஏற்பு அற்பமானதன்று.

அப்பொறிமுறையை விளக்குதற்கு நமது நாட்டுக்கு நன்கு அறிமுகமான நோயொன்றின் அச்சத்தை எடுத்துக்கொள்வது தகும். நீர்வெறுப்பு நோயைக் குறிப்பிடுகின்றேன். 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்ட இந்நோய், நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் பணியாலும் அரசாங்க வைத்தியசாலைகளிற் கடியுண்டோர்க்கு இலவசமாக வழங்கப்படும் தடுப்பூசியாலும் பெரிதும் ஒடுக்கப்பட்டுள்ளது. எனினும் முற்றாக ஒழியவில்லை. நோய்க்குறிகள் தோன்றியபின் ஏறத்தாழ எப்பொழுதும் மரணத்திலேயே முடிவது. குறிகள் தோன்றுமுன் கண்டறியத்தக்க எளிய பரிசோதனை எதுவும் அற்றது. நோயரும்பு காலமோ பெரும்பாலும் இரண்டு மூன்று மாதமாயினும், ஒரு வாரமாகக் குறுகவும் ஓராண்டாக நீளவும் கூடியது. உறுதியை வேண்டிநிற்கும் உள்ளத்துக்கு இதனிலும் கொடிய இரை கிடைத்தல் அரிது.

ஈண்டு ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுதல் கடமையாகும். நாய் கடித்தால், அன்றித் தோல் கிழியக் கீறினால், அல்லது புண்ணுள்ள இடத்தில் நக்கினால், சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அது அச்சமன்று, அறிவு. விலங்கைத் தொடுவதாலும், புண்படாத தோலை அது நக்குவதாலும் நோய் தொற்றுவதில்லை; அதற்குத் தடுப்பூசியும் வேண்டியதில்லை என்பதும் அதே அறிவின் மறுபாதியே. எண்ணச் சுழற்சி நோயாளிக்கு இவ்விரு பாதிகளும் மனப்பாடம். மனப்பாடமாயிருத்தலால் அவனுக்குப் பயன் எதுவும் விளைவதில்லை.

இதனை நூல்களிலிருந்து மட்டும் நான் எழுதவில்லை. கட்டுரையாளன் தன்னைப் பற்றிப் பேசுவது இத்தகைய ஏடுகளின் மரபன்று எனினும், மறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை என்று கருதுவதால் சுருங்கக் கூறுவேன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டிற் பயின்றபொழுது, மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை, நூலகத்திலிருந்து விடுதிக்குத் திரும்பும் வழியில் நாயொன்று எனது காலை உரசிக்கொண்டு சென்றது. கெண்டைக்காலில் ஈரம் பட்டது. மழையில் யாவும் நனைந்திருந்தன, நாயும் நனைந்திருந்தது. அந்த ஈரம் மழைநீரோ நாயின் எச்சிலோ என்பதே முதல் ஐயம். நுளம்பு கடித்துச் சொறிந்த தழும்பொன்று அக்காலில் இருந்தமை இரண்டாவது ஐயத்துக்கு இடந்தந்தது.

காலைக் கழுவினேன். ஒரு மணிநேரத்தின் பின் மீண்டும் கழுவினேன். முதல் முறை தழும்பின் மேலே சவர்க்காரம் பட்டதா என்பது நினைவில் உறுதியாக இல்லை. மறுநாள் வைத்தியசாலைக்குச் சென்றேன். வைத்தியர் காலைப் பார்த்து, நடந்ததைக் கேட்டு, ஊசி தேவையில்லை என்றார். வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தை அடைவதற்குள், அவர் தழும்பைக் கூர்ந்து பார்த்தாரா என்ற வினா எழுந்தது. மூன்றாம் நாள் வேறொரு வைத்தியசாலைக்குச் சென்று, நாய் கீறியது என்று பொய் கூறித் தடுப்பூசி பெற்றேன். வெட்கத்துக்குரிய அப்பொய்யை இன்று வரையும் மறக்கவில்லை. கீறலுற்ற எவரோ ஒருவருக்குரிய மருந்தை நான் பெற்றுக்கொண்டேன் என்பது பின்னர்த் தனியாக வருத்தியது.

ஊசி முடிந்தது. அச்சம் முடியவில்லை. அவ்வாரம் அப்பகுதியில் மின்வெட்டு நிகழ்ந்தது. தடுப்பூசி மருந்து குளிர்சாதனப் பெட்டியிற் கெடாமல் இருந்திருக்குமா? வைத்தியசாலைக்கு மின்பிறப்பாக்கி உண்டு என்று தாதி ஒருவர் கூறினார். அது உரிய நேரத்தில் இயங்கியிருக்குமா? இவ்வாறு ஒவ்வொரு விடையும் ஒரு புதிய வினாவைப் பெற்றுப்போட்டது. இதற்கிடையில், நாளொன்றுக்கு முப்பது நாற்பது முறை கழுவியமையால் கைகளின் தோல் உலர்ந்து வெடித்தது. வெடிப்புகள் புண்களல்லவா? புண்ணின்வழி நோய் புகுமல்லவா? நோயைத் தடுத்தற்காகச் செய்த செயலே நோய் புகும் வாயிலைத் திறந்துவிட்டதாக அறிவு வாதிட்டது. அன்று அது எனக்குத் தருக்கமாகவே தோன்றியது.

இவற்றிலெல்லாம் கொடியது நீர் அருந்துதல். நீர்வெறுப்பு நோயில் விழுங்கும் தசைகள் இறுகி, நீரைக் காண்பதும் துன்பமாகும். ஆகவே நோய் தொடங்கிவிட்டதா என அறிய நீர் அருந்திப் பார்ப்பேன். ஒரு மிடறு, இலகுவாக இறங்கியதா? இன்னும் ஒரு மிடறு. எவருடைய தொண்டையாயினும் தொடர்ந்து வலிந்து விழுங்கினால் இறுகவே செய்யும்; பதகளிப்பும் அதனை மேலும் இறுக்கும். இறுகிய தொண்டை நோயின் சான்றாகிவிடும். இரவு இரண்டு மணிக்கு, விடுதி அறையில் நண்பர் இருவர் உறங்க, கட்டிலில் அமர்ந்து போத்தல் போத்தலாக நீர் குடித்துக்கொண்டிருந்தவன், தான் நீரை வெறுக்கின்றானா என்று சோதித்துக்கொண்டிருந்தான். நாட்காட்டியில் நாட்களை அடித்துக்கொண்டு வந்தேன். தொண்ணூறு நாள் கழிந்தால் நிம்மதி என்றிருந்தது. கழிந்தபின் ஓராண்டு என்றாயிற்று. அவ்வாண்டுப் பரீட்சையில் இரண்டு வினாத்தாள்களுக்கு நான் தோற்றவில்லை.

எவரிடமும் கூறவில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் விசர் என்ற சொல் நாய்க்கு வரும் நோயையும் குறிக்கும், மனிதனின் சித்தக் குழப்பத்தையும் குறிக்கும். முன்னதற்கு அஞ்சி நடுங்கியவன், அதனைக் கூறினால் பின்னது தனக்கு உண்டு என்பார்களே என்றும் அஞ்சினான்.

இனி இச்சுழற்சியின் இயக்கத்தை நோக்குவோம். ஐயம் அச்சத்தைத் தருகின்றது. கழுவுதலும் கேட்டலும் அச்சத்தைத் தணிக்கின்றன. தணிதல் உண்மையானது, சில நிமிடமேனும் நீடிப்பது. அவ்விடுதலையே வெகுமதியாக அமைந்து, அடுத்த முறையும் அதே செயலைச் செய்யுமாறு உள்ளத்தைப் பழக்குகின்றது. அமெரிக்க உளவியலாளர் மௌரர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சம் நிலைத்திருக்கும் வகையை விளக்கியபொழுது காட்டிய நெறி இதுவாகும். தப்பியோடுபவன், தான் ஓடியிராவிடினும் ஒன்றும் நேர்ந்திராது என்பதனை அறியும் வாய்ப்பை ஒருபொழுதும் பெறுவதில்லை.

இவ்விளக்கம் மட்டும் போதியதன்று. சரிபார்த்தல் ஐயத்தைத் தீர்க்காது விடுவதோடு அமையாமல் அதனை வளர்ப்பதும் ஏன் என்பது வினா. நெதர்லாந்து ஆய்வாளர் வான் டென் ஹவுட், கின்ற் என்போர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நுட்பமான விடை தருகின்றது. நோயற்ற சாதாரண மாணவர்களைக் கொண்டு, கணினித் திரையிற் காட்டப்பட்ட எரிவாயு அடுப்பின் குமிழ்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் செய்தனர். பலமுறை சரிபார்த்தவர்களின் நினைவு பிழைபடவில்லை. ஆயின், தம் நினைவின்மீது அவர்கள் கொண்ட நம்பிக்கை குன்றியது. நினைவு தெளிவற்றதாக, மங்கலாக அவர்களுக்குத் தோன்றியது. ஒரு செயலைப் பன்முறை செய்தவனுக்கு இறுதிமுறை தனித்து நினைவில் நிற்பதில்லை என்பது நாமெல்லாம் அறிந்ததே. கதவைப் பூட்டினேனா என்ற ஐயம் தினமும் பூட்டுபவனுக்கே வரும். குற்றியோ மனிதனோ என்று நூறுமுறை அணுகிப் பார்த்தவனுக்கு, எந்த முறை கண்டது எது என்பதே புதிய ஐயமாகிவிடுகின்றது. பழைய அளவையியலார் கண்ட ஐயத்துக்கும் இந்நோயின் ஐயத்துக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்திலேதான் இருக்கின்றது.

எண்ணங்களை அடக்கிவிடலாமே எனக் கேட்போர் உளர். நோயாளிக்கு உறவினர் கூறும் முதல் அறிவுரையும் அதுவே: "அதை நினையாதே." வெக்னர் என்னும் அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவினரும் 1987இல் வெளியிட்ட பரிசோதனையில், வெண்கரடியைப் பற்றி நினைக்கக்கூடாது என்று பணிக்கப்பட்டோர் அதனை நினையாதிருக்க மாட்டாதோராயினர், தடை நீங்கியபின் அதனை மேலும் மிகுதியாக நினைத்தனர். வாசகர் தாமே ஐந்து நிமிடம் முயன்று பார்க்கலாம்.

இவ்விடத்தில் நம் நாட்டவர் ஒருவரது பணியைக் குறிப்பிடாது செல்லுதல் தகாது. இலங்கையிற் பிறந்து இலண்டன் உளமருத்துவ நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய பத்மால் டி சில்வா, ரக்மன் என்பாருடன் இணைந்து 1978இல் வெளியிட்ட ஆய்வு, இந்நோய் பற்றிய சிந்தனையின் போக்கையே திருப்பியது எனலாம். நோயற்ற பொதுமக்களிடம் விசாரித்தபொழுது, ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் தமக்கும் விரும்பத்தகாத எண்ணங்கள் வலிந்து எழுவதுண்டு என்றனர். அவற்றின் உள்ளடக்கம் நோயாளரின் எண்ணங்களின் உள்ளடக்கத்தைப் பெரிதும் ஒத்திருந்தது. ஆகவே நோய் எண்ணத்தில் இல்லை. எண்ணத்துக்குக் கொடுக்கப்படும் பொருளிலும் மறுமொழியிலும் உள்ளது. சோல்கொவ்ஸ்கிஸ் 1985இல் இதனை மேலும் வளர்த்து, தீங்கு நேராது தடுக்கும் முழுப்பொறுப்பும் தன்னுடையதே என்று நோயாளி கொள்ளும் மிகைப்பட்ட பொறுப்புணர்ச்சியை முதன்மைப்படுத்தினார். சுயநலமே உருவானவன் என்று வெளியே தோன்றும் நோயாளி, பெரும்பாலும் அளவுக்கு மீறிய கடமையுணர்ச்சி உடையவன் என்பது பலருக்கு வியப்பைத் தரும்.

டி சில்வா 1984இல் பௌத்தமும் நடத்தைச் சிகிச்சையும் பற்றி எழுதிய கட்டுரையும் நம் கவனத்துக்குரியது. மச்சிம நிகாயத்தின் விதக்கசந்தான சுத்தம் வேண்டாத எண்ணங்களை வெல்லுதற்கு ஐந்து வழிகளை வரிசைப்படுத்துகின்றது. வேறோர் எண்ணத்தை அவ்விடத்தில் வைத்தல், எண்ணத்தின் தீமையை நோக்குதல், அதனைக் கவனியாது விடுதல், அது எழும் மூலத்தை ஆராய்ந்து அடங்கச் செய்தல் என்பன முதல் நான்கு. பற்களைக் கடித்து மனத்தால் மனத்தை அடக்குதல் என்பது இறுதிக்கு வைக்கப்பட்டுள்ளது. வெக்னரின் பரிசோதனையை அறிந்தவர்க்கு அவ்வழி ஏன் இறுதியில் நிற்கின்றது என்பது சிந்தனைக்குரியதாகும். எண்ணச் சுழற்சி நோயாளிக்கு மூன்றாவதே உதவுவது. ஏனைய யாவும் அவன் கையில் மற்றுமொரு சடங்காகிவிடக்கூடும் என்பேன்.

சிகிச்சை பற்றி ஐயுறவு கொள்ள இன்று இடமில்லை. நீண்டகாலம் தீராநோயென்று கைவிடப்பட்டிருந்த இதற்கு, இலண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் விக்ரர் மேயர் மேற்கொண்ட சிகிச்சை 1966இல் வெளிவந்தபொழுது வழி திறந்தது. நோயாளியர் இருவரைத் தாம் அஞ்சும் பொருள்களைத் தொடச் செய்து, தாதியரின் துணையோடு, பின்னர் நிகழும் கழுவற் சடங்கை அவர் தடுத்தார். அச்சம் முதலில் ஏறியது. பின் தானாகத் தாழ்ந்தது. அஞ்சுவதற்கு முகங்கொடுத்தல், மறுமொழியைத் தவிர்த்தல் என்ற இவ்விரண்டும் சேர்ந்த முறையே இன்றும் முதன்மையான உளச்சிகிச்சையாகும். மருந்துகளுள் குளோமிப்பிரமின் முதலில் அறியப்பட்டது. இன்று புளுவொக்செற்றீன், சேர்ட்ராலின் போன்றவை வழங்கப்படுகின்றன. மனச்சோர்வுக்குக் கொடுப்பதிலும் உயர்ந்த அளவு பெரும்பாலும் வேண்டப்படும். பயன் தெரியப் பத்துப் பன்னிரண்டு வாரம் செல்லக்கூடும். இரண்டு வாரத்தில் மருந்தைக் கைவிட்டு, பயனில்லை என்போர் நம்மிடையே பலர்.

என்னை இறுதியில் மாவட்ட வைத்தியசாலையொன்றின் உளமருத்துவப் பிரிவுக்கு அழைத்துச் சென்றவர் விடுதி அறைத் தோழர். நீர்ப்போத்தல்களைக் கண்டு அவர் தாமாகவே ஊகித்திருந்தார். மருத்துவர் எனக்கு நோயில்லை என்று கூறுவார் என எதிர்பார்த்துச் சென்றேன். அவர் அதனைக் கூற மறுத்துவிட்டார். "உங்களுக்கு நீர்வெறுப்பு நோய் வராது என்று நான் சொன்னால், எவ்வளவு நேரம் நம்புவீர்கள்?" என்று வினவினார். அரைமணி நேரம் என்றேன். "அப்படியானால் அந்த அரைமணிக்காக நான் உங்களுக்குத் தீங்கு செய்யமாட்டேன்" என்றார். அன்று எனக்கு அவர்மீது சினமே எழுந்தது.

பின்னர் ஒரு படிவரிசை எழுதினோம். நாய் படுத்திருக்கும் நடைபாதையில் நின்று வருதல் முதற்படி. அது படுத்தெழுந்த சீமெந்துத் திண்ணையைக் கையால் தொடுதல் அடுத்தது. தடுப்பூசி ஏற்றப்பட்ட வீட்டு நாயொன்றின் முதுகைத் தடவிவிட்டு ஒரு மணிநேரம் கழுவாதிருத்தல் பின்னையது. தாகமின்றி நீர் அருந்துவதில்லை என்பது எல்லாப் படிகளுக்கும் பொதுவான விதி. அந்த ஒரு மணிநேரத்தின் முதற் பதினைந்து நிமிடத்தைச் சொற்களால் விவரித்தல் எனக்கு இயலாது. நாற்பதாம் நிமிடமளவில் வேறெதனையோ நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதைப் பிற்பாடே கவனித்தேன். ஐயம் தீர்ந்திருக்கவில்லை. கேட்பாரற்றுப் போயிருந்தது. உண்பதற்கு முன்னும் மலசலகூடத்துக்குச் சென்ற பின்னும் கை கழுவுவதை எவரும் நிறுத்தச் சொல்லவில்லை. அக்கழுவுதலுக்கு முடிவு உண்டு என்பதே வேறுபாடு.

குடும்பத்தாரின் பங்கு பற்றி நம் நூல்கள் போதிய கவனஞ் செலுத்தவில்லை. அன்பு மிகுந்த குடும்பங்களிலேயே இந்நோய் செழித்து வளர்தலைக் காணலாம். நோயாளி கேட்கும் ஒவ்வொரு முறையும் "ஒன்றுமில்லை" என்று கூறுதல் அன்பின் இயல்பு. ஆயினும் அது கழுவுதலுக்கு ஒப்பான மற்றொரு சடங்கு. பிறர் வாயால் நிகழ்வது, அவ்வளவே. எனது தாயார் இரவுதோறும் தொலைபேசியில் எனக்கு அவ்வுறுதியை வழங்கி வந்தார். அவரது உறுதிமொழி இன்றி நான் உறங்கியதில்லை. மருத்துவரின் வேண்டுகோளுக்கிணங்க அதனை நிறுத்த நேர்ந்தபொழுது, என்னிலும் அதிகமாகத் துன்புற்றவர் அவரே. பெற்ற பிள்ளை கேட்க, தாய் விடை கூறாதிருப்பது எங்ஙனம்?

நமது சமூகத்தில் இந்நோய் ஒளிந்துகொள்ளும் இடமொன்றையும் சுட்டவேண்டும். செத்தவீட்டுக்குச் சென்று வந்தால் தலைமுழுகிய பின்னரே வீட்டினுட் புகுதல், துடக்குக் காத்தல், சமையலறையில் ஆசாரம் பேணல் என்பன நம்மிடையே நெடுங்காலம் நிலவி வந்தவை. இவை நோயல்ல, இவற்றுக்கு வரையறை உண்டு, ஊரார் யாவரும் ஒரே அளவிற் செய்வர். அவ்வரையறையைக் கடந்து ஒருவர் மூன்று மணிநேரம் முழுகும்பொழுது, சுத்தபத்தமான மனிதர் என்ற பாராட்டே அவருக்குக் கிடைக்கும். வெடித்த கைகளை எவரும் பார்ப்பதில்லை. 2020இல் கொவிட் பெருந்தொற்றுப் பரவி, இருபது விநாடி கைகழுவுமாறு அரசுகளே பணித்தபொழுது, நோயாளர் பலர் தம் அச்சம் இப்பொழுது உலகத்தார் அனைவராலும் ஒப்புக்கொள்ளப்பட்டதாக உணர்ந்தனர். இருபதாவது விநாடியில் நிறுத்தமாட்டாதோர் யார் என்பதே அன்று கேட்கப்பட வேண்டியிருந்த வினா.

கைத்தொலைபேசி வந்தபின் இச்சுழற்சி மேலும் விரைவாகச் சுழல்கின்றது. முன்னர் வைத்தியரைக் காணப் பஸ் ஏறிச் செல்லவேண்டியிருந்தது. அந்தப் பயணமே ஒரு தடையாக அமைந்தது. இன்று படுக்கையிற் கிடந்தவாறே இரவு முழுதும் நோய்க்குறிகளைத் தேடலாம். ஜெரோம் கே. ஜெரோம் 1889இல் எழுதிய நகைச்சுவை நாவலின் தொடக்கத்திலே, மருத்துவ நூலொன்றைப் புரட்டியவன் அதிலுள்ள நோய்களுள் ஒன்றொழிய ஏனைய யாவும் தனக்கு உளவெனக் கண்டு வெளியேறுகின்றான். அவன் நூலை மூடிவிட்டுச் செல்ல முடிந்தது என்பதையே நான் பொறாமையோடு நோக்குகின்றேன்.

குணமடைந்தீரா எனக் கேட்போர்க்கு நான் கூறும் விடை அவர்களுக்கு நிறைவளிப்பதில்லை. எண்ணம் இன்றும் வருகின்றது. சோர்வுற்ற நாட்களிலும் உறக்கங்கெட்ட நாட்களிலும் சற்று மிகுதியாக வருகின்றது. பொருளை மாற்றிக்கொண்டும் வருகின்றது. சென்ற ஆண்டு கழுத்திற் கைக்குத் தட்டுப்பட்ட நிணநீர்க்கணு ஒன்று நாயின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தடவிப் பார்த்தலே அதனை வீங்கச் செய்யும், வீக்கமே மேலும் தடவச் செய்யும் என்று முன்கூட்டியே அறிந்திருந்தேன். ஒருமுறை வைத்தியரிடம் காட்டினேன். அவர் கூறியதை எழுதிவைக்கவில்லை, மறுமுறை கேட்கவுமில்லை. கழுத்தைத் தொடாதிருத்தல் முதல் வாரம் கடினமாயிருந்தது. மருந்தைக் குறைந்த அளவில் இன்றும் உட்கொள்கின்றேன்.

தாயார் இப்பொழுதும் இரவில் தொலைபேசியில் அழைப்பார். அந்தப் பழைய கேள்வி எப்பொழுதாவது என் வாயில் வந்துவிட்டால், அவர் பயின்றுகொண்ட விடை ஒன்று உண்டு: "எனக்குத் தெரியாது தம்பி. நீ சாப்பிட்டிட்டியே?" முதன்முதலில் அதனைக் கூறியபொழுது அவருடைய குரல் நடுங்கிற்று. இப்பொழுது நடுங்குவதில்லை.